கிளிப்பச்சைத் தகடு

கிளிப்பச்சை. மழைக்குப் பிறகு வேலியோரத்தில் தெரிகிற பச்சையாக இருந்தால்கூட டெல்பின் பொறுத்துப் போயிருப்பாள். இது ஷேர் ஆட்டோவின் பின்கண்ணாடியில் பிள்ளைகள் பேரை எழுதுகிற பச்சை, வெயில் பட்டால் கண்ணைப் பறிக்கிற பச்சை, போதாக்குறைக்குச் சுற்றிலும் வெள்ளிக் கரை வேறு. துணி வெட்டுகிற மேசையின் மேல் மல்லாந்து கிடந்த கிட்டாரை ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்தாள், திறந்துவிட்டுப் பார்த்தாள். பச்சை பச்சையாகத்தான் இருந்தது. காலையில் எழுந்தபோது இந்த உலகம் எவ்வளவு ஒழுங்காக இருந்தது என்று நினைத்தால் அவளுக்குச் சிரிப்பாக வந்தது. காலையில் அவள் முடிவெடுத்திருந்தாள். சரி என்று சொல்லிவிடலாம், தன் தம்பிக்குப் பெண் கேட்டிருந்த பிலோமி அக்கா சாயங்காலம் கோயிலுக்குப் போகிற வழியில் வருவார், வந்து "என்னம்மா, யோசிச்சியா" என்று கேட்பார், அப்போது அதிகம் இழுக்காமல் சரி என்று சொல்லிவிட வேண்டும். பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து அதை இரண்டு தரம் சொல்லியும் பார்த்தாயிற்று. சரிக்கா. சரி, அக்கா. முதலாவதில் அவசரம் தெரிந்தது, இரண்டாவதில் கொஞ்சம் கௌரவம் இருந்தது. அப்புறம் சோற்றுக்கு உலை வைத்து, வாடிக்கைக்காரிகளின் ரெண்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டி, தெரு முனைக்குப் போய்த் தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்பினால் அம்மா வாசலில் நிற்கிறாள், "இன்னாசி வந்தான், கிட்டாரக் குடுத்துட்டு நிக்கக்கூட இல்ல, ஓடிட்டான்" என்கிறாள். ஏன் ஓடினான் என்று உறையின் ஜிப்பைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. இப்படி ஒன்றை ஒட்டிவிட்டு எவன்தான் நிற்பான்.

இன்னாசி ரேடியம் கடை வைத்திருக்கிறான். தூத்துக்குடியில் ஓடுகிற லாரியில் பாதிக்கும் வள்ளங்களில் பாதிக்கும் பேரும் படமும் வெட்டி ஒட்டியது அவன்தான் என்று பிலோமி அக்கா சொல்வார், தம்பி விஷயத்தில் அவர் எல்லாவற்றையும் பாதிக்கு மேல்தான் சொல்வார். பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று கட்டைக் குரலில் பாடுவான். பாடுவதைவிட இருமுவது அதிகம். இருபது நாள் முன்னால் ஒத்திகை முடிந்து எல்லாரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது கிட்டே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் கிட்டாரைப் பார்த்து, "இந்த பிக்கார்டு தலைகீழாக் கெடக்கு, குடுத்தீங்கன்னா எடுத்துட்டு வேற போட்டுத் தாரேன்" என்றான். அவளும் கொடுத்துவிட்டாள். பிக்கார்டு என்பது ஒன்றும் பெரிய சங்கதி இல்லை, கிட்டாரின் வட்ட ஓட்டைக்குக் கீழே, மீட்டுகிற நகம் மரத்தைக் கீறாமல் இருக்க ஒட்டுகிற ஒரு சில்லுத் தகடு. கறுப்பாக, கண்ணீர்த் துளி மாதிரி, இருக்கிற இடம் தெரியாமல் இருந்தால் அது நல்ல பிக்கார்டு. இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள். அவள் பார்க்காத அலங்கோலமா. குழுவில் ரெக்ஸ் என்று ஒருவர், வங்கியில் வேலை, அவர் கிட்டாரில் ஓட்டையைச் சுற்றி நெருப்பு எரியும், திருப்பலி நேரத்தில் அதைப் பார்த்தால் பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஓடலாம் போலிருக்கும். கல்யாண வீடுகளில் வாசிக்கிற ஒருவர் தன்னுடைய போட்டோவையே ஒட்டியிருந்தார், தாடையில் தட்டித் தட்டி வாசித்து முகத்தில் பாதி தேய்ந்துபோயிருந்தது. கழுகு, சிலந்தி வலை, மூன்று சிலுவையும் அஸ்தமனமும், ரோஜாவைக் கொத்துகிற புறா, மயில் கண் வைத்த பட்டாம்பூச்சி. கன்னியாகுமரிப் பக்கமிருந்து வந்த ஒரு பையன் முகம் பார்க்கிற கண்ணாடியையே வெட்டி ஒட்டியிருந்தான், பிரசங்கம் முடிகிற வரைக்கும் மேலே சுற்றுகிற ஃபேன் அதில் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதெல்லாம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்றைக்குக் கொடியேற்றம், மாதா திருவிழா தொடங்குகிறது, பாடகர் குழு முன்வரிசையில் நிற்கும், அவள் கிட்டாரோடு நிற்பாள், மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொள்ளலாம்.

நிறத்தையாவது விடலாம், அது என்ன உருவம். அவள் தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள். கத்தரிக்காயா. கத்தரிக்காய்க்கு வால் இருக்காது. திமிங்கிலமா, வள்ளத்துக்குப் பாதித் திமிங்கிலம் வெட்டி மிஞ்சியதை இதில் ஒட்டிவிட்டானா. மேல் பக்கம் பலாக்கொட்டை மாதிரி புடைத்து, நடுவில் இடுப்பு ஒடுங்கி, கீழே ஒரு வால் நீண்டு நரம்பைக் கட்டுகிற கட்டை வரைக்கும் போயிருந்தது. அந்த வாலின் நுனியில் எலி கடித்த மாதிரி ஒரு பிறைத் துண்டு இல்லாமல் இருந்தது. வெட்டும்போது கை வழுக்கியிருக்கும், வழுக்கியதை மறைக்கக்கூடத் தோன்றவில்லை அந்த மனிதனுக்கு. ஒரு ஜாக்கெட்டுக்கு இப்படிக் கழுத்து வெட்டிக் கொடுத்தால் வாடிக்கைக்காரி அதைத் தூக்கி முகத்தில் எறிவாள். அவளை உறுத்தியது தகடு இல்லை, தகடு ஒட்டிய கையைப் பற்றிய யோசனை. இந்தக் கண்தான் அவளுக்குப் பகை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். முதலில் பெண் பார்க்க வந்தவர் மணப்பாட்டுக்காரர், நல்ல மனுசன்தான், ஆனால் சட்டைப் பையில் மூன்று பேனா மூன்று நிறத்தில். அடுத்தவர் வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் திராட்சை கொத்துக் கொத்தாகத் தொங்கியது, காப்பி குடிக்கிற வரைக்கும் அது அவள் தலையில் இடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாமவருக்கு என்ன குறை என்று இப்போது ஞாபகம் வரவில்லை. வரவில்லையே என்பதுதான் பயமாக இருந்தது. ஞாபகம்கூட வராத ஒரு காரணத்துக்காக ஒருவரை வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள், அவருக்கு இப்போது பெரிய பிள்ளைகள். அவளுக்கு வயசு நாற்பதை எட்டப் போகிறது. இப்போது பச்சைத் தகட்டுக்காக நாலாவது. வேண்டாம் என்று சொன்னால் அம்மா அழமாட்டாள், தலையில் அடித்துக்கொண்டு ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். சரி என்று சொன்னால் வாழ்நாள் முழுக்க அவன் வாங்கி வருகிற திரைச்சீலை, அவன் வாங்கி வருகிற தலையணை உறை, சமையலறைச் சுவரில் திமிங்கிலம்.

பிய்த்துவிட்டால் என்ன. எண்ணம் வந்ததுமே கை சுறுசுறுப்பாகிவிட்டது. பிய்த்துவிட்டு வெறும் மரத்தோடு நின்றால் ஒரு நாளைக்கு யாரும் கேட்கமாட்டார்கள், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அக்கா வருவதற்குள் முடித்துவிட்டால் மனசும் ஒரு நிலைக்கு வரும், தகடு இல்லாத கிட்டாரைப் பார்த்தால் காலையில் இருந்த சரி திரும்ப வந்துவிடும். இஸ்திரிப்பெட்டியை மிதமான சூட்டில் வைத்தாள். பழைய மல் துணியை நாலாக மடித்துத் தகட்டின் மேல் போட்டு, தொட்டும் தொடாமலும் ஒத்தினாள், பட்டு ஜாக்கெட்டுக்குச் செய்கிற மாதிரி. சூட்டில் பசை இளகும், தடித்த நூலை உள்ளே விட்டு இப்படியும் அப்படியும் அறுத்தால் தகடு எழும்பும். அவசரப்பட்டு இழுத்தால் மரமும் சேர்ந்து சிராயாக வந்துவிடும், அப்புறம் கிட்டாரும் இல்லை. அண்ணன் கப்பலில் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்த கிட்டார் இது. பாவம், தங்கச்சிக்கு என்று ஆசையாகத் தூக்கி வந்தான், தங்கச்சி இடது கைக்காரி என்பதை மட்டும் கப்பலிலேயே மறந்துவிட்டு வந்தான். அவள் நரம்புகளைக் கழற்றி மாற்றிக் கட்டி, கிட்டாரை இடம் வலமாகத் திருப்பிப் பிடித்து வாசிக்கப் பழகினாள். பிக்கார்டு தலைகீழாக மேலே போய்விட்டது, காவல் காக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மொட்டை மாடியில் போய் நிற்கிற காவல்காரன் மாதிரி அத்தனை வருசமும் அங்கேயே இருந்தது. கீழே வெறும் மரத்தை அவள் நகமும் மோதிரமும் கோழி கிளறின மாதிரி கிளறி வைத்தன. அந்த அசிங்கத்தை யாரும் பார்க்கக்கூடாதென்று மேடையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள். இதற்கெல்லாம் அழுதால் முடியுமா. கத்தரிக்கோலே வலது கைக்காரர்களுக்குச் செய்தது, பெருவிரலில் காய்ப்புக் காய்த்துத்தான் தொழில் கற்றாள். தையல் மிஷினின் சக்கரம் வலப்பக்கம். பள்ளிக்கூடத்தில் பீச்சாங்கை என்று கூப்பிட்டார்கள். நற்கருணை வாங்கக் கை நீட்டும்போது எந்தக் கை மேலே என்று இன்னமும் ஒரு கணம் தடுமாறுகிறாள். உலகத்தில் எல்லாம் வேறு யாருக்கோ செய்தது, நாம் திருப்பிப் பிடித்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான் என்று எப்போதோ பழகிவிட்டாள்.

நூல் உள்ளே போய்விட்டது. மேல் பக்கப் புடைப்பிலிருந்து மெதுவாக அறுத்தாள், நூல் இழுபடும்போது சின்னதாக ஒரு முனகல் கேட்டது. மேலே, பழைய தகடு இருந்த இடம் கண்ணில் பட்டது. சுற்றிலும் மரம் வெயிலில் தேன் நிறமாகியிருக்க, அங்கே மட்டும் துளி வடிவத்தில் வெளுப்பாக, புதுசாக இருந்தது. ஒரு சிராய்கூட இல்லை. எவ்வளவு பொறுமையாக எடுத்திருக்க வேண்டும். அவன் கடையில் உட்கார்ந்து குனிந்து, இருமலை அடக்கிக்கொண்டு, ஒரு கையால் சூடு காட்டி ஒரு கையால் தூக்கியிருப்பான். அந்தக் கையை அவள் பார்த்திருக்கிறாள். போன தவக்காலத்தில் சிலுவைப்பாதைக்குப் படங்கள் ஒட்டும்போது ஸ்டிக்கரின் அடியில் ஒரு குமிழி இல்லாமல் உள்ளங்கையால் தடவித் தடவி ஒட்டினான், அவள் கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்தாள், ஏன் பிடித்தாள், பக்கத்தில் பிடிக்க ஆள் இருந்ததே. அதற்குப் பிறகுதான் பிலோமி அக்கா அடிக்கடி ஜாக்கெட் தைக்கக் கொடுக்க ஆரம்பித்தார். ஒரே அளவில் அஞ்சு ஜாக்கெட், அந்த வயசில் எதற்கு. அப்போதே மூக்கு வேர்த்திருக்க வேண்டாமா. சிரித்துக்கொண்டே அறுத்தவள் கையை நிறுத்தினாள். எழும்பிய ஓரத்தின் அடியில் மரம் தெரிந்தது. தகட்டுக்கு வெளியே ஒரு கீறல் இல்லை, உள்ளே எல்லாம் கீறல். இங்கே வெளியே மினுமினுப்பு, ஓரத்தைத் தூக்கினால் உடனே சாம்பல் நிறத்தில் அவளுடைய அத்தனை வருசத்துக் கிளறல். எல்லை போட்ட மாதிரி. இன்னும் கொஞ்சம் தூக்கினாள். இடுப்பு ஒடுங்குகிற இடத்தில் கீறலும் ஒடுங்கியது. அங்கே நகம் படுவதில்லை, கை வளைந்து திரும்புகிற இடம் அது. அவள் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள், விரலால் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கத்தரிக்காயும் இல்லை, திமிங்கிலமும் இல்லை. மெல்லிய தாளை மரத்தின் மேல் வைத்து, கீறல் முடிகிற இடத்தையெல்லாம் பென்சிலால் ஒற்றி, அந்தக் கோட்டிலேயே வெட்டியிருக்கிறான்.

அளவு ஜாக்கெட், என்று அவள் வாய்விட்டே சொன்னாள். வாடிக்கைக்காரிகளில் எத்தனையோ பேர் மேலில் டேப் வைத்து அளக்க விடமாட்டார்கள், நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்து, இந்த அளவுக்குத் தைச்சுக் குடு என்பார்கள். அதை மேசையில் விரித்தால் ஆளே எழுந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும், எந்தத் தோள் இறங்கியது, எந்தக் கையில் குடம் தூக்குகிறாள், எப்போது சதை போட்டாள், எப்போது இளைத்தாள், எல்லாம் தையலில் இருக்கும், அதைக் கண்டும் காணாத மாதிரி தைத்துக் கொடுப்பதுதான் மரியாதை. இப்போது இவளுடையதை ஒருவன் விரித்துப் பார்த்திருக்கிறான். யாருக்கும் காட்டாமல் முந்தானையால் மூடி வைத்த இடத்தை இத்தனை நாள் கடை மேசையில் வைத்து ஒவ்வொரு கீறலாகப் பார்த்திருக்கிறான். வெட்கமாக இருந்தது, காது இரண்டும் சுட்டது, கோபம் வருகிறதா என்று காத்திருந்து பார்த்தாள், வரவில்லை. நெருப்போ கழுகோ வெட்டி ஒட்ட அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், கடையில் அடுக்கடுக்காகக் கிடக்கும். ஆனால் அந்த வால், வாலின் நுனியில் அந்த எலிக்கடி, அது மட்டும் இன்னும் புரியவில்லை. அதிலும் ஏதாவது இருந்தால். இல்லாமல் போனால். இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று ஒரு மனசு சொல்ல, இருக்கணும் மாதாவே என்று இன்னொரு மனசு கிடந்து துடித்தது. எழுப்பிய ஓரத்தைச் சூடு காட்டி மறுபடி அழுத்தினாள், உள்ளங்கையால், குமிழி இல்லாமல். இஸ்திரிப்பெட்டியை அணைத்தாள். ஒட்டியதா என்று எப்படித் தெரியும், ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் வாசிக்கும்போது கிர்ரென்று அதிரும், கோயில் முழுக்கக் கேட்கும். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கிட்டாரைத் திருப்பிப் பிடித்தாள். எல்லா நரம்பையும் சேர்த்து ஒரு தடவு. அதிரவில்லை. இன்னொரு தடவு, பலமாக. மூன்றாவது தடவுக்கு முன்னால் கை தன் பாட்டுக்கு எப்போதும் செய்வதைச் செய்தது. சுண்டுவிரலை மரத்தில் ஊன்றிக்கொண்டது. அப்படி ஊன்றுவாள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும், யாருக்குத்தான் தன் சுண்டுவிரல் எங்கே நிற்கிறதென்று தெரியும். அது எலிக்கடிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. பிறை வெட்டு விரலைச் சுற்றி அப்படியே பொருந்தியிருந்தது, விரலின் அடியில் வழவழப்பான தகடு இல்லை, மரம், அவளுக்குப் பழகிய மரம். மோதிரம் தகட்டில் இடிக்கவில்லை. இதைக் கீறலைப் பார்த்து வெட்ட முடியாது. விரல் நிற்பதைப் பார்த்திருக்க வேண்டும், பின்வரிசையில் நின்று, இருமிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இது தெரிந்திருக்காது. டெல்பினுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. விரலை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். அதற்கென்றே வெட்டிய இடம். அவளுக்கென்றே. யாருக்கோ செய்ததைத் திருப்பிப் பிடித்தது இல்லை.

கேட் சத்தம் கேட்டது. பிலோமி அக்கா மக்ரூன் பெட்டியும் கையுமாக உள்ளே வந்தார், மேல்மூச்சு வாங்கியது, உட்காரக்கூட இல்லை.

"என்னம்மா, யோசிச்சியா? அவன் காலையிலேர்ந்து ஒரு வாய் சோறு திங்கல. கடையையும் பூட்டிட்டு வீட்டுல வந்து ஒக்காந்திருக்கான்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிட்டார் கண்ணில் பட்டுவிட்டது. "ஐயோ மாதாவே, இது என்ன கலர்? இதையா ஒட்டிக் குடுத்தான்?"

"ஆமாக்கா."

"லாரிக்கு வெட்டினதுல மிச்சம் கெடந்திருக்கும். கறுப்பு வாங்கி ஒட்டுலேன்னு சொன்னேம்மா, கேட்டாத்தானே. கோவிச்சுக்கிடாத. அவனுக்குக் கலர் பாக்கத் தெரியாது, சின்னதுலேர்ந்தே அப்படித்தான்."

காலையில் பழகி வைத்த சரி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவசரமானதும் இல்லை, கௌரவமானதும் இல்லை, வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்தது.

"கலர் சகிக்கலக்கா. அளவு சரியா இருக்கு. ரெண்டையும் சொல்லிருங்க."

"அளவா? என்ன அளவும்மா? நான் உன்ட்ட என்ன கேட்டேன், நீ என்ன சொல்லுத?"

"அவங்ககிட்ட அப்படியே சொல்லுங்கக்கா. தெரியும்."

பிலோமி அக்கா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே கைப்பையிலிருந்து போனை எடுத்தார். மணி அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். "ஏல, கலர் சகிக்கலையாம். அளவு சரியா இருக்காம். எனக்கு ஒண்ணும் வெளங்கல, அந்தப் பிள்ள இப்படித்தான் சொல்லுது." அக்கா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், லைன் இருந்தது. அப்புறம் ஒரு இருமல் கேட்டது. அப்புறம் கட்டைக் குரலில் ஏதோ மெதுவாகச் சொன்னான், அக்காவின் நெற்றி சுருங்கியது.

"என்னம்மா இது, சுண்டுவிரல் உக்காருதான்னு கேக்கான்?"

டெல்பின் குனிந்து பார்த்தாள். விரல் அங்கேதான் இருந்தது.

"உக்காந்திருக்குன்னு சொல்லுங்கக்கா."